மேலிருந்து பூஜ்யம்

வடசேரியில் வத்தல் கடைக்கு மேல்மாடி, என் வேலையிடம்.
நேந்திரங்காய் எண்ணெயில் விழும் சத்தமும்
நான் தட்டச்சும் சத்தமும் கலந்துவிடும்.
எது நான், எது கடை என்று
மதியத்துக்கு மேல் தெரியாது.

அந்த வாரம் கேட்டது ஒன்றுதான்:
ஒரு சிவப்புப் பட்டை.
அதில் கட்டுப்பாட்டு அறையின் எண்.
கீழே, கரை திரும்பாதவர்களின் பட்டியல்,
ஊர் ஊராக, வள்ளம் வள்ளமாக.
பட்டியலை எவ்வளவு தள்ளினாலும்
பட்டை மட்டும் நகரக்கூடாது.

அவ்வளவுதானா என்றேன்.
மேலிருந்து பூஜ்யம், இடமிருந்து பூஜ்யம்,
நில் என்று ஒரு சொல்.
குரோமில் நின்றது.
ஃபயர்பாக்ஸில் நின்றது.
டீ குடிக்கப் போனேன்.

திரும்புவதற்குள் குறும்பனையிலிருந்து
புளோரிபெல் மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள்.
"நம்பரு மேல போவுது, கேட்டேளா.
எனக்க ஆளுக்க பேரு எழுவதுக்குப் பொறவாக்கும்.
அங்க போய்ச் சேரும்போ நம்பரக் காணல்ல."

மாடியிறங்கி, போன் போனாகக் கடன் வாங்கினேன்.
வத்தல் சீவும் சுபலாவின் போனில்
எண்ணெய் விரல் வழுக்கி, பட்டையும் வழுக்கியது.
ஆரல்வாய்மொழி காற்றாலையில் வேலை பார்க்கும்
எட்வின்சாமுக்குச் சொல்லி அனுப்பினேன்.
"பாதி தெரியுது, பாதி தெரியல்ல" என்றான்,
பின்னால் இறக்கைகளின் இரைச்சல்.
ஐபோனில் இன்னொரு கூத்து.
பெயர் தேடும் பெட்டியைத் தொட்டால் விசைப்பலகை எழும்;
பட்டை பதறிப்போய்
திரை நடுவில் வந்து முழிக்கும்,
கல்யாண மண்டபத்தில் செருப்பைத் தொலைத்தவன் மாதிரி.

அடுக்கில் அதன் எண்ணைக் கூட்டினேன். நூறு. ஆயிரம்.
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
உயரத்தில் இல்லை கோளாறு என்று
இரவு பதினொன்றுக்குத் தெரிந்தது.

அழகுக்கென்று நானே ஓர் அலை வைத்திருந்தேன்.
பக்கம் திறக்கையில் மொத்தமும்
மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.
யாரும் கேட்காத அலை.
அசைகிற ஒன்றின் வயிற்றுக்குள் இருப்பது
திரையைப் பிடிக்காது,
அசைகிறதையே பிடித்துக்கொள்ளும்.
அது சொன்னபடி நின்றுதான் இருக்கிறது.
எதில் என்று நான்தான் சொல்லவில்லை.
நங்கூரத்தை வள்ளத்துக்குள்ளேயே போட்டுவிட்டு
கயிறு ஏன் இறுகவில்லை என்று
நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அலையை அழித்தேன்.
பட்டையை எல்லாவற்றுக்கும் வெளியே எடுத்து வைத்தேன்.
சஃபாரிக்கெனத் தனியாக நான்கு வரிகள்;
நாலாவது வரி என்ன செய்கிறதென்று
இன்றும் எனக்குத் தெரியாது, எடுக்கவும் பயம்.
சுபலா போனில் நின்றது. காற்றாலையில் நின்றது.

புளோரிபெல் போனில் நிற்கவில்லை.
டேட்டா மிச்சம் பிடிக்க
பக்கத்தை எங்கோ தொலைவில் பிழிந்து
சக்கையை அனுப்பும் உலாவி அது.
நிற்பது என்ற சொல்லே அதன் காதில் விழாது.
"வேற போன் இல்லையா?"
"இருக்கு. அது அவருக்க கையிலயாக்கும்."

அதன்பிறகு நான் திருத்தம் தேடவில்லை.
பத்துப் பெயருக்கு ஒருமுறை
அதே எண்ணை எழுதிக்கொண்டே போனேன்.
நிற்க முடியாத இடத்தில்
வழிநெடுக வந்துகொண்டாவது இருக்கட்டும்.
பார்க்க அசிங்கம். மற்ற போன்களில் மறைத்தேன்.
அவள் ஆளின் பெயர் எழுபத்துமூன்று.
மூன்று வரி மேலே, ஒன்று விழுந்தது.

மூன்றாம் நாள், விடியும் முன்.
"ஒரு பேர எடுத்துரணும்" என்றாள்.
நான் வாய் திறக்கவில்லை.
கீழே இன்னும் அடுப்பு மூட்டவில்லை.
"தேங்காப்பட்டணத்துல கரை புடிச்சாச்சு.
கஞ்சி குடிக்காரு."

எழுபத்துமூன்றை அழித்தேன்.
அதற்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும்
ஒரு வரி மேலேறினார்கள்.
பட்டை அசையவில்லை.