படம்: இல்லை

சிம்மக்கல். டூவீலர் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடி.
கீழே ஷட்டர் விழுந்த பிறகுதான்
மேலே ஆம்ப்ளிஃபயர் கண்ணைத் திறக்கும்.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
ஒரே ஒரு மின்விசிறி, அது பவளக்கொடியின் தொண்டைக்கு.

ஒன்பது வருஷம்
பிறர் பாட்டை வாசித்தே
ஐந்து வீட்டுக்கு அரிசி வாங்கினோம்.
அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
எந்தப் படத்தின் எந்த இருமலையும்
ஒச்சுவின் கிட்டார் அச்சு மாறாமல் இருமும்.
துளசிராமின் சுண்டுவிரலுக்குள்
நாற்பது வயலின்கள் குடியிருக்கின்றன.
எனக்கு பேஸ்.
நிறுத்தினால் மட்டுமே
நான் இருந்தது தெரியும்.

'என்ன மாதிரி மியூசிக் தம்பி உங்களுது?'
மண்டபக்காரர்கள் கேட்பார்கள்.
ஃபங்க் என்போம்.
'பைபாஸ்ல இருக்கே, அந்தப் பங்க்கா?'
ஆமாம் என்போம். முன்பணம் முக்கியம்.

சொந்தமாக ஒன்று வந்தது போன ஆடியில்.
ஆடியில் முகூர்த்தம் கிடையாது,
சும்மா இருப்பதைத் தவிர வேலையும் கிடையாது.
நான் காயில் கட்டும் பட்டறையில்
பேரிங் போன அரை எச்.பி. பம்பு ஒன்று
டக் என்று ஓரடி வைத்து
இரண்டை விழுங்கி
மூன்றில் முனகி
நாலுக்கு வராமலே மறுபடி டக்.
சரிசெய்ய மனம் வரவில்லை.
மேலூர்க்காரரிடம் நாளைக்கு வாங்க என்றுவிட்டு
செல்போனில் பிடித்துக்கொண்டு போனேன்.
சிக்கந்தர் கேட்டான். ஹைஹேட்டை இறுக்கினான்.
'மொத அடிய மட்டும் விட்றாத. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.'

அடி.
தாளத்துக்கும் அதுதான் பேர், காலுக்கும் அதுதான்,
செய்யுளுக்கும், பானையின் கீழ்ப்பக்கத்துக்கும்,
எங்கப்பா கொடுத்ததுக்கும்.

வார்த்தை வேண்டுமே. எங்களில் யாருக்கும் எழுத வராது.
பவளக்கொடி பகலில்
ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிடுகிறவள்.
அன்றைக்கு நாற்பத்தேழு கடைசிவரை வரவில்லையாம்.
காசு கட்டி, பேர் கொடுத்து,
தண்ணீர் குடித்துக் காத்திருந்த ஆள்.
மைக்கை எடுத்து அதையே கூப்பிட்டாள்:
நாப்பத்தேழு.
நாப்பத்தேழு இருக்கீங்களா.

போதும் என்று பட்டது.

எங்கள் நோட்டில் நாலு கட்டம்,
பாட்டு, படம், சுருதி, வருஷம்.
படத்துக்கு நேரே ஒச்சு 'இல்லை' என்று எழுதினான்.
ஆவணியில் ஒத்தக்கடையில் ஒரு வரவேற்பு.
மாப்பிள்ளையின் சித்தப்பா நோட்டைப் புரட்டினார்.
'இல்லைன்னு ஒரு படமா? எப்ப வந்துச்சு?'
'இன்னும் வரலண்ணே' என்றார் துளசிராம்.
அவருக்குப் பொய் வராது.

பத்தேகாலுக்கு எடுத்தோம்.
பந்தி ஓடிக்கொண்டிருந்தது.
முன்வரிசையில் நாற்காலி உறைகள் மட்டும்
எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.
அடி.
இரண்டை விழுங்கினேன்.
சிக்கந்தர் குச்சியை அந்தரத்தில் தொங்கவிட்டான்.
பவளக்கொடி கூப்பிட்டாள்.

பந்தியிலிருந்து ஒருவர் எழுந்து ஓடிவந்தார்,
எச்சில் கையை உயர்த்திப் பிடித்தபடி,
இன்னொரு கையில் பார்க்கிங் டோக்கன்.
'நாந்தாம்மா நாப்பத்தேழு. வண்டிய எடுக்கணுமா?'

யாரும் நிறுத்தவில்லை.
நிறுத்தியிருக்க வேண்டும், ஒன்பது வருஷப் பழக்கம்,
விருந்தாளி பேசினால் ஒலியைக் குறைக்க வேண்டும்.
அவள் அவரைப் பார்த்தபடியே
இன்னொரு தரம் கேட்டாள்:
இருக்கீங்களா.
'இருக்கேம்மா' என்றார்,
மிகச் சரியாக முதல் அடியில்.

அப்புறம்தான் அவருக்கு அது பாட்டு என்று புரிந்தது.
போகவில்லை. ரசம் காய்ந்த விரல்களோடு
ஓரமாக நின்றுகொண்டார்.
குதிகால் மட்டும் ஒப்புக்கொண்டது.

தெரியாத பாட்டு வாசித்ததற்கு
சித்தப்பா ஐநூறு பிடித்தார்.
ஆளுக்கு நூறு.

கோரிப்பாளையம் தாண்டி, பாலத்தில்,
கீபோர்டை மடியில் வைத்திருந்த பவளக்கொடி
திடீரென்று சொன்னாள்:
'அந்தாளு டீ குடிக்கப் போயிருக்கலாம்ல.'
ஆட்டோவில் யாரும் பதில் சொல்லவில்லை.
கீழே தண்ணீர் இருந்ததா என்று பார்க்கவில்லை.
சிக்கந்தர் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான்,
நாலுக்கு வராமல்.