பிளஸ் எர்த்

மாப்பிள்ளை வீட்டார் பாதி வாடகைதான் தந்தார்கள்.
நியாயம்தான்.
பாதி ஊர்வலம்தானே என் வண்டியில் போனது.

மேற்கு மாதா கோயில் தெருவில்
பேண்டு முன்னால்,
அதற்கும் முன்னால் ஆடுகிற பையன்கள்,
நிமிடத்துக்குப் பத்தடி.
மீன் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்க நின்றோம்.
ஸ்டாண்டர்டு ஹெரால்டு பொங்கிவிட்டது.
ஜிகினா மாலை நனைந்து தொங்க
கல்யாணப் பெண் புடவையைத் தூக்கிப் பிடித்து
ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.
ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

பழைய விசிறிக்கு பெல்ட்டு வழியாக எஞ்சினோடு சம்பந்தம்.
வண்டி பறக்கும்போது காற்று தானே வரும்,
அப்போது இதுவும் வெறிபிடித்துச் சுற்றும்.
நெரிசலில் நின்று தவிக்கும்போது
சோம்பல் முறிக்கும்.
வேண்டாத நாளில் பத்து முறை போன் செய்து
வேண்டிய நாளில் ஸ்விட்ச் ஆஃப் செய்யும்
என் கொழுந்தன் மாதிரி.

நாலு போல்ட்டு. கழற்றினேன்.
புளியந்தோப்பில் எடைக்குப் போட்டேன்,
நாற்பத்திரண்டு ரூபாய்.
அதே கடையில் மூக்கு நசுங்கிய மாருதியின்
மின்விசிறி, கூட்டோடு எழுநூறு.
கடைக்காரர் பேட்டரியில் தொட்டுக் காட்டினார்.
மேசையிலிருந்த பில்லெல்லாம் தெருவுக்குப் போய்விட்டது.

ஹெரால்டின் பானெட் மொத்தமாக
முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும்.
டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.
இடப்பக்க டயரில் எலக்ட்ரீஷியன் தணிகாசலம்,
வலப்பக்கத்தில் நான்.
இரும்புப் பட்டை ரெண்டு, ரப்பர் புஷ் நாலு,
இருபது ஆம்பியர் ஃப்யூஸ்,
மேல் ஹோசை வெட்டி நடுவில் சொருகிய
தொண்ணூற்றிரண்டு டிகிரி சுவிட்சு.
பிளேடுக்கும் ரேடியேட்டருக்கும் ஒரு விரல் இடம்.
சிவப்பு ஒயர் ரிலேக்கு, கறுப்பு பாடிக்கு.
கைப்பழக்கம். யாரும் யோசிக்கவில்லை.

ஓடியது.
டாலி கிளார்க்காக இருந்த நாளின் துறைமுக பாஸை
கிரில் முன்னால் பிடித்தேன்.
ஒட்ட வேண்டியது
என் மூக்கில் வந்து அடித்தது.

தணிகாசலம் பீடியை அணைத்துவிட்டு
பேட்டரிக்குக் குனிந்தார்.
பாடியில் முறுக்கியிருந்த தடித்த கேபிளைப்
பின்னோக்கித் தடவிக்கொண்டே போனார்.
"இன்னாக்கா இது,
இந்த வண்டிக்கு நெலமே பிளஸ்ஸு!"

ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன்.
பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்,
ஹாரனும் வாய் திறந்து சொல்லவில்லை.
சுற்றுகிற ஒன்று வந்துதான்
திசை கேட்டது.
ஒயரை மாற்றிச் சொருகினார்.
பாஸ் கிரில்லில் பாய்ந்து ஒட்டிக்கொண்டது,
இருபத்தாறு வயது முகம் வெளியே பார்க்க.

மாசி முகூர்த்தம்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டது.
டேங்கர் ரயில், ஒவ்வொரு வேகனாக,
யாருக்கும் அவசரமில்லாதது போல்.
முள் எண்பதைத் தாண்டியது, தொண்ணூறை.
என் கழுத்தில் வியர்வை.
டிக்.
ரிலேதான்.
விசிறி எழுந்தது.
வண்டிக்கடியில் படுத்திருந்த நாய்
சூடு தாங்காமல் வெளியே வந்து
டிரம்பெட்காரன் காலடியில் படுத்தது.

ஆனால் பானெட்டின் சீரியல் விளக்குகள்
மஞ்சளாகி, பிறகு சிவந்து, முனகின.
நிற்கிற வண்டியில் டைனமோவும் நின்றது போலத்தான்.
திரும்பிச் சொன்னேன்:
"ஃபேனா, லைட்டா, ரெண்டுல ஒண்ணுதாம்மா."
வீடியோக்காரர் லைட்டு என்றார்.
மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தான்.
குணவதி, அன்றைய பெண்,
நெற்றிச்சுட்டியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு
"லைட்டை அமத்துங்கக்கா,
எனக்கே இங்க வேர்த்து ஊத்துது" என்றாள்.

அணைத்தேன்.
இருபது வேகனுக்குப் பிறகு எஞ்சினையும் அணைத்தேன்.
விசிறி மட்டும் நிற்கவில்லை.
பேட்டரியில் இருந்து நேராக எடுத்திருக்கிறார் தணிகாசலம்,
சாவியைக் கேட்காது.
இருட்டில் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
"வண்டி ஓடுதா, நிக்குதா?"
மாப்பிள்ளை கேட்டான்.
கடைசி வேகனுக்குப் பின்னால்
சிவப்பு விளக்கு போய்க்கொண்டிருந்தது.