ஏழாமிடம்

படிவத்தில் எட்டுப் பெட்டிகள்.
எட்டு ஆஸ்பத்திரிகளையும் ஆசைப்படி அடுக்கு என்கிறது.
அங்கே அவர்களும் எங்களை அடுக்குவார்களாம்.
இரண்டு அடுக்கையும் கொழும்பில் ஒரு கணினி
ஒரே இரவில் சேர்த்துப் பார்க்குமாம்.
யார் யாரை எத்தனையாவதாய் வைத்தார் என்று
யாரும் யாரையும் கேட்கக்கூடாது:
விதி நான்கு.

அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்.
"அப்ப இது சாதகப் பொருத்தம்தானே,
புரோக்கர் காசு மட்டும் மிச்சம்" என்றா.

உட்துறைமுக வீதி, ஃபோட்டோகொப்பிக் கடை.
சஃப்ரினா கிண்ணியாவிலிருந்து வந்திருந்தாள்,
சிபாரிசுக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு
பிறந்த பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு.
நான் என்னுடையதைச் சைக்கிள் கூடையில் போட்டுவிட்டு
மிச்சக்காசுக்குத் திரும்பிய நேரம்
பஸ் நிலையத்துப் புள்ளிமான் ஒன்று
"பரிவும் பொறுமையும் மிக்கவர்" வரைக்கும்
தின்று முடித்திருந்தது.
சஃப்ரினா சிரித்துச் சிரித்து வீதியிலேயே குந்திவிட்டாள்.

திருகோணமலையில் ஒரேயொரு இடம்.
நான் முதற்பெட்டியில் அதைப் போட்டேன்.
அவளும் போட்டிருப்பாள்.
பாதிக் கடிதத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்தபடி
விதி நான்கைக் காப்பாற்றினோம்.

நேர்முகங்கள் எல்லாம் திரையில்.
வைஃபைக்காக உப்புவெளியில் மச்சானின் விடுதி,
உல்லாசப் பயணிகள் இல்லாத மாதம், பதினோராம் அறை.
கண்டிக்காரர் மூவர் என் பலவீனத்தைக் கேட்டபோது
யன்னலுக்கு வெளியே ஒருவன் கத்தினான்,
"திமிங்கிலம் பாக்கிற ஆக்கள் வாங்கோ!"
அந்த வீட்டுக் கேள்விக்கு
"அளவுக்கு மீறிய அர்ப்பணிப்பு" என்றேன்.
திமிங்கிலம் என்றிருக்கலாம்.

எல்லாரும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்டார்கள்:
உங்களால் உதவ முடியாமற்போன ஒருவரைச் சொல்லுங்கள்.
அதற்கு ஆங்கிலத்தில் ஒரு கதை வைத்திருந்தேன்.
தொடக்கத்தில் தவறு, நடுவில் சிந்தனை, முடிவில் வளர்ச்சி.
ஆறு முறை சொன்னேன்.
ஆறாம் முறை எனக்கே அழுகை வந்தது, அவ்வளவு நன்றாக.

ஏழாவது மொனராகலை.
பெட்டி வெறுமையாய்க் கிடக்கக்கூடாதே என்று நிரப்பியது.
ஒரு பெண், கண்ணாடி, பின்னால் மின்விசிறி.
சிங்களத்தில் கேட்டா.
என் சிங்களம் சந்தைச் சிங்களம்,
மீன் விலைக்குக் காணும், பொய்க்குக் காணாது.

ஆகவே உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.
மனிதன். பக்கத்து வீடு. படகு இயந்திரம் திருத்துகிறவர்.
மனைவி குவைத். இரவு. நித்திரை இல்லை என்றார்.
நான், சூடான பால், என்றேன்.
நான், போன் பார்க்கவேண்டாம், என்றேன்.
பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு எந்த நாளும் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த சொல் கிடைக்காமல் கையைப் பிசைந்து
"துக" என்றேன்.
எங்கள் துக்கத்திலிருந்து இரண்டு புள்ளி எழுத்துகள்
உதிர்ந்தால் அவர்களுடைய சொல்.

அந்தப் பெண் எதையும் எழுதவில்லை.
மின்விசிறி இடமிருந்து வலம் போய்வந்தது.
"யாருடைய துக?" என்று கேட்டா.
இணைப்பு அறுந்துபோனது.

முடிவு வந்தது வெள்ளி காலை.
சஃப்ரினாவுக்குத் திருகோணமலை.
எனக்கு ஏழாவது பெட்டி.
கிண்ணியாவிலிருந்து ஒரு மானின் படம் வந்தது,
அதன்கீழ் ஒன்றுமில்லை.
நான் ஒரு நாள் கழித்துத்தான் பதில் போட்டேன்.
அந்த ஒரு நாளைப் பற்றி எந்தக் குழுவும் கேட்காது.
"ஏழாமிடம் களத்திர ஸ்தானம் பிள்ளை,
நல்லாய்த்தான் விழுந்திருக்கு" என்றா அம்மா,
தன் மனதைத் தேற்ற.

பின்னேரம் அலோசியஸ் அண்ணன்
முற்றத்தில் இயந்திரத்தைக் கழற்றிப் பரப்பியிருந்தார்.
"மொனராகலையோ? அங்க கடல் இல்லையே" என்றார்.
ஓம், இல்லை, என்றேன்.
"இப்ப நித்திரை வருதோ அண்ணன்?"

ஸ்பனரைத் துணியில் துடைத்தார்.
துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.
என் வாயில் நாலைந்து வசனங்கள் வரிசையில் நின்றன.
ஒன்றையும் விடவில்லை.
எண்ணெய்க் கறை பட்ட வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் இருந்தேன்.