பென்சில் கணக்கு

மாஹிமில் ஏறித் தகிசரில் இறங்கினேன்.
வழியில் எத்தனையோ கோயில்கள்.
எல்லாவற்றிலும் தமிழ் தெரிந்த எவனாவது
இருப்பான் என்று பயம்.
தாராவியில் எங்கள் பங்குச் சாமியாருக்கு
என் இருமல்கூடத் தெரியும்.
வலைக்கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தே
"என்ன தொம்மை" என்று கேட்டுவிடுவார்.

பதினோராயிரத்து நானூறு ரூபாய்.
மரண நிதி.
வீட்டுக்கு மாதம் நாற்பது,
படியேறிப் படியேறி வாங்குவது நான்,
நோட்டில் பென்சிலால் எழுதுவதும் நான்.
பேனா ஏன் இல்லை என்று யாரும் கேட்டதில்லை.
செயலாளர் கண்ணாடி போடாமலே கையெழுத்துப் போடுவார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எடுத்திருந்தால்
சொல்ல வசதியாக இருந்திருக்கும்.
ஞாயிறு பங்குக் கோயில், திங்கள் பங்குச் சந்தை.
லோக்கலில் தொங்கியபடி போனில் போட்டேன்.
பாந்த்ரா வருவதற்குள் ஏறியது.
அந்தேரியில் இறங்கியது.
அப்புறம் ஏறவேயில்லை.

தமிழில் அதற்கு எத்தனை சொற்கள் வைத்திருந்தேன்!
கைமாற்று. புரட்டிக்கொண்டது.
அடுத்த மாதம் நேராக்கிவிடலாம் என்பது.
ஒன்றன் மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு
நன்றாகவே தூங்கினேன்.
பிறகு மிக்கேல் அண்ணன் செத்தார்.

சயான் ஆஸ்பத்திரி வாசலில்
சலேத்தம்மாள் அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்:
"நிதிப் பணம் எப்ப வரும்?"
"வர்ற வாரம்க்கா."
பெட்டி வாங்கக் கம்மலைக் கழற்றினாள்.
பிணத்துக்கு முன்னால் குருசு தூக்கிப் போனவனும்
நான்தான்.

எட்டாம் மாதம், தவக்காலத்து வெள்ளி.
தகிசரில் சாமியார் வசைக்காரர், பெயர் ருமாவ்.
மூச்சில் இருமல் மிட்டாய் வாசனை.
மண்டியிட்டு, என் ஓட்டை இந்தியில் துழாவினேன்.
கைமாற்றுக்கு இந்தியில் என்ன?
இருபத்தாறு வருடம் பம்பாயில் இருந்தும்
காய்கறிக்கும் டாக்ஸிக்கும் தண்ணீர் லாரிக்கும்தான்
என்னிடம் இந்தி இருந்தது.
கடைசியில் அகப்பட்டது ஒரே சொல்.
சோரி.

ஒளிந்துகொள்ள வந்த பாஷையில்
போர்த்திக்கொள்ள ஒரு கந்தலும் இல்லை.

"கிஸ்கா?" என்றார். யாருடையது.
"ஃபண்ட்" என்றேன்.
ஃபண்டுக்குப் பேர் இல்லையா என்றார்.
மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டேயிருந்தது.
"சலேத்தம்மாள்."
அதை மட்டும் மொழிபெயர்க்க முடியவில்லை.

மன்னிப்பின் சொற்கள் பாதி புரியவில்லை.
வலைக்கம்பியில் ஒரு கையின் நிழல்
மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே போனது புரிந்தது.
அபராதம் தெளிவாகக் கேட்டது:
திருப்பிக் கொடு. நேரில் போ. அப்புறம் ஜெபம் சொல்.
அந்த வரிசையில்.

பைக்கை விற்றேன்.

சலேத்தம்மாள் பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்தும் மிஷினை நிறுத்தவில்லை.
இந்த முறை தமிழில் சொன்னேன்,
அந்த ஒரே சொல்லை:
"திருடுனேன்க்கா."
ஊசி நின்றது.
பணத்தை இரண்டு தடவை எண்ணினாள்.
"கம்மலு போன மாசம் ஏலத்துல போயிட்டு" என்றாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இன்றும் இல்லை.

நோட்டை மேசையில் வைத்து,
"வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க" என்று எழுந்தேன்.
டிராயரைத் திறந்து
நாலு பத்து ரூபாய்த் தாளை எடுத்தாள்.
"இந்த மாசத்துக்கு. எழுது."
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன்.
"எலேய், அது வேண்டாம்."
தோலில் குறிபோடும் வெள்ளிப் பேனாவை
என் பக்கம் உருட்டிவிட்டாள்.

சலேத்தம்மாள், நாற்பது.
வெள்ளைத் தாளில் வெள்ளி மை.
நேராகப் பார்த்தால் தெரியவில்லை,
விளக்கடியில் நோட்டைச் சாய்க்க வேண்டியிருந்தது.
அவள் மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இரும்பு ஏணியில் பாதி இறங்கிய பிறகுதான்
ஜெபம் இன்னும் பாக்கி என்று
நினைவு வந்தது.