தண்ணீர் போன வழி

ஓல்டனில் மூன்றே முக்காலுக்குப் பேப்பர்க் கட்டுகளை ஏற்றினோம்.
திரிம்பாக் தாண்டி ஏற்றம் தொடங்கியதும்
ஊசி நடுவைவிட்டு எழும்பியது,
கலியாணவீட்டில் கோபித்துக்கொண்ட மாமனைப் போல,
மெல்ல, எல்லாரும் பார்க்கிற மாதிரி.

ஹீற்றரை முழுதாய்த் திறந்தேன்.
எஞ்சினின் சூட்டை உள்ளே இழுத்தெடுக்கலாம் என்று
ஆரோ சொன்ன ஞாபகம்.
வந்தது குளிர்காற்று.
முன்னால் எஞ்சின் கொதிக்கிறது, வெளியே மைனஸ் நாலு,
நடுவில் விறைத்தபடி
நானும் சுகந்தமலரும்.

பஸ் தரிப்பில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.
மூடியைத் தொட்டால் முகம் வெந்துபோகும்.
அரைமணித்தியாலம்.
மேலே ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன;
ஆறரைக்குப் பேப்பர் இல்லையென்றால்
ஆறு முப்பத்தொன்றுக்கு முறைப்பாடு வரும்.
ஊர்த் தொட்டியில் போத்தலை நிரப்பி ஊற்றினேன்.
ஒரு லீற்றர், பிறகு இன்னும் அரை.
இந்த மாதத்தில் மூன்றாவது தடவை.

எங்கே போகிறது?
இரவில் காரின் கீழே மிஞ்சிய பேப்பரை விரித்து வைத்திருக்கிறேன்.
வாக்கெடுப்பு முடிவு, மரண அறிவித்தல், பனி எச்சரிக்கை,
விடியவும் எல்லாம் காய்ந்தபடியே கிடந்தன.
ஒரு சொட்டும் இல்லை.

பெசிமின் கராஜ். கொசோவோக்காரன்.
அவனுடைய ஜெர்மனையும் என்னுடையதையும் கூட்டினால்
முழு ஜெர்மன் ஒன்று வரும்.
முதலில் திட்டினான்: பனிக்காலத்தில் வெறும் தண்ணியா,
உறைந்தால் எஞ்சின் வெடிக்கும்.
ஒயில் மூடியைக் கழற்றி அடியைப் பார்த்தான்.
பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை இருந்தால்
காரை இங்கேயே விட்டுவிட்டு நடந்து போ என்றான்.
நுரை இல்லை.
புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை.
தாங்கியில் குமிழி இல்லை.
காற்றாடி சுற்றியது. தெர்மோஸ்டற் திறந்தது.
என் வயிற்றில் கட்டியிருந்த முடிச்சு
ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஒரு சுற்று அவிழ்ந்தது.

பிறகு கைப்பம்பைப் பூட்டிக் காற்றடித்தான்.
முள் ஏறி நின்றது.
நின்றது போலத்தான் இருந்தது.
ஒரு சிகரெட் முடிவதற்குள் கொஞ்சம் இறங்கியிருந்தது.
வெளியே எதுவும் ஒழுகவில்லை.
பெசிம் கதவைத் திறந்து, காருக்குள் தலையை விட்டு
மோந்து பார்த்தான்.
"இனிக்குது," என்றான்.
வலதுபக்க மிதியடியைத் தூக்கினான்.
வெளிறிய ரோசாத் தண்ணீர்
கம்பளத்துக்குள் குளமாய்க் கிடந்தது.

ஹீற்றருக்குள் ஒரு குட்டி ரேடியேற்றர் இருக்கிறதாம்.
அதில் மயிரளவு வெடிப்பு.

சுகந்தமலர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"கார்த்திகையிலயிருந்து கால் நனையுதக்கா."
"ஏன் சொல்லேல்லை?"
"சும்மா ஏத்திக்கொண்டு போறியள்.
உங்கட காரை நான் எப்பிடிக் குறை சொல்ல?"
காலுறைக்கு மேல் பாண் பை சுற்றியிருந்தாள், இரண்டு காலிலும்.
காலையில் கண்ணாடியில் படியும் எண்ணெய்ப் புகாரை
தன் சால்வை நுனியால் துடைத்து வந்ததும் அவள்தான்.
பழவாசம் காருக்கு நான் வாங்கிப் போட்டதென்று
நினைத்தாளாம்.
நான் அது அவளுடைய தலையெண்ணெய் என்று.

மாற்ற ஒன்பது மணித்தியாலம். டாஷ்போட் முழுதும் கழற்ற வேணும்.
பெசிம் தொகையைச் சொல்லவில்லை, எழுதிக் காட்டினான்.
இல்லாவிட்டால் இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று பொருத்தி
ஹீற்றரை வெட்டிவிடலாம். அறுபது பிராங்க்.
எஞ்சின் சுடாது. நீங்களும்தான் என்று சிரித்தான்.

அறுபதைக் கொடுத்தேன்.

இப்போது போர்வையைப் போர்த்திக்கொண்டு மலை ஏறுகிறோம்.
ஊசி நடுவில் அசையாமல் இருக்கிறது.
சுகந்தமலர் கண்ணாடியைத் துடைத்தபடி சொல்கிறாள்:
இடது வைப்பர் தேய்ஞ்சிட்டுது.
பின்சில்லில ஏதோ கத்துது.
இந்த வளைவில நீங்கள் எப்பவும் வேகமாத்தான் போறியள் அக்கா,
போன வருசத்திலயிருந்து சொல்லவேணும் எண்டிருந்தனான்.