பதினேழுக்கு மேல்

முந்நூற்றுப் பன்னிரண்டு என்றாள் நர்ஸ்.
எதில் முந்நூற்றுப் பன்னிரண்டு,
எவ்வளவு இருந்தால் சரி,
நான் வாயைத் திறப்பதற்குள்
அடுத்த ஆளின் விரலைக் குத்தியிருந்தாள்.

குடவாசல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்
செவ்வாய்க்கிழமை சுகர் நாள்.
டாக்டர் நல்லவர்தான்.
எனக்குப் பின்னால் கேட் வரை நின்ற வரிசையை
ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
சோத்தைக் குறைங்க. நடங்க. அடுத்த மாசம் வாங்க.

காக்கிக் கவரில் இரண்டு நிற மாத்திரை.
கவர் மேல் 1–0–1.
அந்தப் பூஜ்ஜியம் மத்தியானம் என்று
நானும் தையல்நாயகியும்
ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து முடிவு கட்டினோம்.

சோத்தைக் குறைங்க.
நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
சட்டைப்பையைக் கவிழ்த்தால் நெல் விழும்.
மூக்கைச் சிந்தினால் தூசி, சுணை.
சோழசூடாமணி ஆற்றுக்கு இந்தக் கரையில் நெல்,
அந்தக் கரையிலும் நெல்.
எந்தக் கரையிலிருந்து குறைப்பது?

டீக்கடையில் சீனி வேண்டாம் என்றேன்,
மெதுவாகத்தான்.
மாஸ்டர் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார்.
சாயங்காலம் ஒருவர் ஆவாரம்பூவோடு வந்தார்.
பழைய சோறு ஒண்ணும் செய்யாது என்றான்
மூட்டை தூக்கும் ரெத்தினம்.
அதுதான்டா ஆளைச் சாய்க்கும் என்றான் அவன் தம்பி.
மச்சினன் போனில் ஒரு படம் அனுப்பினான்,
யாருடையதோ கறுத்த கால்விரல்.
படத்தை அழித்துவிட்டு
வெகுநேரம் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் பயத்தில் காலைச் சாப்பாட்டை விட்டேன்.
மாத்திரையை விடவில்லை.
பதினொரு மணி இருக்கும்,
ஈரப்பதக் கருவியில் எண்கள் நீந்தின.
ஐப்பசி மூட்டத்தில், வெயிலே இல்லாமல்,
முதுகு முழுக்கக் குளிர்ந்த வியர்வை.
முழங்கால் மடங்கி நெல் அம்பாரத்தில் சாய்ந்தேன்.

அது கோதைநாயகியின் நெல்.
மூன்று நாளாகத் தார்ப்பாயைத் திறப்பதும் மூடுவதுமாக
அங்கேயே கிடக்கிறவள்.
முந்தாநாள் பத்தொன்பது என்றேன்.
நேற்றுப் பதினெட்டரை.
பதினேழுக்கு மேல் எடுக்க முடியாது என்று
அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

தூக்குவாளி மூடியில் டீயை ஊற்றி
வாயருகே கொண்டுவந்தாள்.
வேண்டாம், எனக்குச் சுகர் என்றேன்.
அதெல்லாம் எனக்குத் தெரியாது சார், குடிங்க.

குடித்தேன். பாகாய் இனித்தது.
கொஞ்ச நேரத்தில் எண்கள் நின்றன,
நெல் நெல்லாகத் தெரிந்தது.
அவள் செய்தது நல்லதா கெட்டதா,
அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
மூடியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:
பதினெட்டரைன்னா இன்னும் எத்தனை வெயில் சார்?

ஒன்பது வருஷமாக எண் சொல்கிறேன்.
வெயிலில் அது எவ்வளவு என்று
ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை.
மெல்லிசாப் பரப்புங்க,
மணிக்கொரு தரம் கிண்டிவிடுங்க,
மூணு மணிக்கு நானே வந்து பார்க்கிறேன் என்றேன்.
இரண்டரைக்கு மழை பிடித்துக்கொண்டது.
நானும் ஒரு முனையைப் பிடித்துத்
தார்ப்பாயை இழுத்தேன்.

மறுநாள் சுகர் நாள் இல்லை.
மருந்துச் சன்னலில் யாரும் இல்லை.
கவரை உள்ளே நீட்டினேன்.
சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?
சாப்பிடாவிட்டால்?
கை நடுங்கினால் என்ன செய்வது?
முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு
இன்னும் எத்தனை வெயில் என்று
நாக்கு நுனிவரை வந்ததை மட்டும் விழுங்கினேன்.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள்.
மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தீங்களா?
கவரைப் பிடுங்கித் திருப்பிவைத்து
பின்பக்கம் எழுதப் போனாள்.
பேனா எழுதவில்லை, உதறினாள், எழுதவில்லை.
பட்டியல் எழுதும் என் பேனாவை உருவி நீட்டினேன்.
கூடவே இரண்டு நெல்
சன்னல் பலகையில் விழுந்தது.