மூன்று தட்டு

காந்தம் ஒட்டவில்லை என்பதுதான்
முதலில் தெரிந்தது.
தகரமில்லை இது என்று சொல்லிவிட்டு
லிங்கராஜபுரம் மண்ணில் விழுந்து கிடந்தது காந்தம்.

அலுமினியம்.
கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி
உருண்ட முதுகோடு ஒரு பழைய இழுவை வீடு.
எந்தத் துரை எந்தக் கடலோரம் இழுத்துப் போனானோ,
கடைசியாக ஹெண்ணூர் தாண்டி ஒரு கோழிப்பண்ணையில்
தீவனம் அடைத்து வைத்திருந்தார்களாம்.
அனகா மேடம் விலை பேசி வாங்கிவிட்டார்.
இனி இதற்குள் நாய்களுக்கு முடி வெட்டுவார்கள்,
ஷாம்பு போடுவார்கள், நகம் நறுக்குவார்கள்.
"ஒந்து டென்ட்டும் காணபாரது அண்ணா" என்றார்.

சாக்பீஸால் வட்டம் போட்டு எண்ணினேன்.
நாற்பத்தியேழு.
ஆலங்கட்டி விழுந்தவை, தேங்காய் விழுந்தவை,
ரிவர்ஸ் எடுத்தவன் சுவரில் கொடுத்தவை
எல்லாம் உள்நோக்கி.
ஒன்று மட்டும் வெளியே துருத்திக்கொண்டு,
கதவுக்கு எதிர்ப்புறம், முழங்கை உயரத்தில்.
உள்ளிருந்து யாரோ.
அதற்கு மட்டும் வட்டம் வரவில்லை,
பெருக்கல் குறி போட்டேன்.

இரும்பு அடித்தால் அடங்கும்.
இது நீளும்.
அவசரக்காரன் கையில் ஒரு குழி இரண்டு மேடாகும்,
மேடு தொப்பையாகி
அழுத்தினால் டொப்பென்று உள்ளே போய்
விட்டால் டொப்பென்று திரும்பி வரும்.
அதனால் முதலில் சோப்பு.
மஞ்சள் பார் சோப்பைத் தகட்டில் தேய்த்து
பின்பக்கம் தீ காட்டுவேன்.
சோப்பு தேனாகி, டிகாக்‌ஷனாகி,
கறுக்கிற அந்த நொடியில் கையை இழுத்துவிட வேண்டும்.
ஒரு மூச்சு பிந்தினால்
சிவக்காமல், புகையாமல், சொல்லாமல்
பொத்துக்கொண்டு விழும்.
பிறகுதான் மணல் பை, மரச்சுத்தி,
ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றி.

பதினோரு நாள் இப்படி.
பன்னிரண்டாம் நாள்
முதுகில் கிழிந்த இடத்துக்குப் புதுத் தகடு வெட்டினேன்.
ரிவெட் இருநூற்றுப் பத்து.
வெளியே கன் பிடிக்க ஒருவர்,
உள்ளே இரும்புக் கட்டை அணை கொடுக்க ஒருவர்.
ஒற்றை ஆள் வேலையில்லை.

ஷெட்டில் இருப்பது நானும் சவரியும்.
என் மனைவியின் அண்ணன்.
கம்ப்ரசர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவனுடையது.
நான் தவணை விட்ட மூன்று மாதமும்
ஆட்கள் வந்து நின்றது அவன் வாசலில்.
எட்டு மாதமாக எங்கள் பேச்சு
"பன்னெண்டு நம்பர் ஸ்பானர்" என்று
காற்றிடம் கேட்பதோடு சரி.

நான் கூப்பிடவில்லை.
கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினான்.

தகட்டுக்கு அந்தப் பக்கம் அவன்.
முகம் தெரியாத வேலை, அதனால் ஒரு கணக்கு உண்டு.
உள்ளிருந்து ஒரு தட்டு: அடி.
இரண்டு: உட்கார்ந்துவிட்டது, அடுத்தது.
மூன்று: கோணல். பிடுங்கு, மறுபடி.

டக்.
அடித்தேன்.
டக் டக்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது.
ஷீட் கூரையில் விழுவது எது,
அவன் தட்டுவது எது, பிரியவில்லை.
உள்ளங்கையைத் தகட்டில் வைத்துக் கேட்டேன்.
கை சரியாகச் சொன்னது.

நூற்று முப்பத்தொன்றில் கரண்ட் போனது.
கம்ப்ரசர் பெருமூச்சு விட்டு இறங்கியது.
அவன் வெளியே வரவில்லை.
நானும் வாசல் பக்கம் போகவில்லை.
மழை கொஞ்சம் ஓய்ந்தபோது
பெருக்கல் குறி போட்ட இடத்தில், உள்ளிருந்து,
டக். டக். டக்.

அங்கே ரிவெட்டே கிடையாது.

கோணல் என்றானா, பிடுங்கு என்றானா,
மறுபடி என்றானா,
சும்மா விரல்தானா.
வெளியே நிற்பவன் திருப்பித் தட்ட
எங்கள் கணக்கில் இடமில்லை.
ஈர விரலால் குறியை அழித்தேன்.
அழிக்கிற சத்தம் உள்ளே கேட்டிருக்கும்.

வண்டி போன வாரம் போய்விட்டது.
நாற்பத்தியாறுதான் எடுத்தோம்.
மேடம் இன்னும் கவனிக்கவில்லை,
கவனிக்கும் அன்று
ஏதாவது ஒரு நாய்மேல் பழி விழும்.

தவணை இன்னும் இரண்டு பாக்கி.